மூன்று மாதத்தில் சுற்றத் தொடங்கிய ஜன்னல் கைப்பிடி

கேள்வி: திருவான்மியூரில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். படுக்கையறையில் வெளிப்பக்கம் திறக்கும் யூபிவிசி ஜன்னல். போட்டு எட்டு வருடம் ஆகிறது. போன கோடையில் கைப்பிடி கழுத்தோடு ஒடிந்தது. தச்சர் ஹார்டுவேர் கடையில் ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். மூன்றே மாதத்தில் அது பிடிப்பில்லாமல் சுற்றுகிறது. ஜன்னல் போட்டவர்களைத் தொடர்புகொள்ள முடியவில்லை. எந்தக் கைப்பிடி வாங்குவது? நானே மாட்டலாமா?

பதில்: மாட்டலாம். இரண்டு ஸ்குரூதான், பத்து நிமிட வேலை. ஆனால் கடைக்குப் புறப்படும் முன் முதல் கைப்பிடி ஏன் ஒடிந்தது என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கத்திரியில் மறுபடியும் எனக்கு எழுதுவீர்கள்.

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, காற்றில் நிற்கும் கதவின் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். பிறகு மூடிய நிலையில் திருப்புங்கள். திறந்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு திரும்பி, மூடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், கதவு தொங்கிவிட்டது என்று பொருள். இரண்டு நிலையிலும் முரண்டு பிடித்தால் உள்ளே இருக்கும் கியரில், அதாவது கைப்பிடி திரும்பும்போது பூட்டு முளைகளை நகர்த்தும் பொறியில், கோளாறு. இப்போதுள்ள கைப்பிடி சுற்றுவதால், இந்தச் சோதனைக்குப் பக்கத்து ஜன்னலின் கைப்பிடியைக் கழற்றிப் பொருத்திக்கொள்ளலாம்.

கோடையில் ஒடிந்தது என்று எழுதியிருப்பதால் கதவு தொங்கியிருக்கும் என்றே என் மனம் சொல்கிறது. யூபிவிசி சூட்டில் நீளும் பொருள். ஒரு மீட்டருக்கு 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 0.7 மி.மீ. நீளும். உள்ளே இரும்புக் குழாய் செருகியிருப்பதால் அவ்வளவும் வெளியே தெரியாது. ஆனால் மேற்கு வெயில் அடிக்கும் ஜன்னலில் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு மி.மீ. நீண்டாலே போதும். எட்டு வருடத்தில் மடக்குக் கீல்கள் கண்ணாடியின் பாரத்தில் சற்றே இறங்கியிருக்கும். கதவின் ஓரத்திலுள்ள காளான் வடிவ முளைகள் சட்டத்திலுள்ள தகட்டின் வாய்க்குள் போகாமல் அதன் விளிம்பில் முட்டும். அந்தத் தகட்டைக் கிட்டப்போய்ப் பாருங்கள், பளபளவென்று புதிய கீறல் இருக்கும். முளை முட்டும்போது நாம் என்ன செய்வோம்? கைப்பிடியை இன்னும் பலமாக அழுத்துவோம். பெரும்பாலான கைப்பிடிகள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. வளையத் தெரியாது, ஒடியத்தான் தெரியும். பழைய துண்டு வீட்டில் கிடந்தால் ஒடிந்த இடத்தைப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் ரவை போலப் பொடிப்பொடியாக இருக்கும்.

கீறல் தெரிந்தால் தகட்டின் ஸ்குரூவைத் தளர்த்தி ஒன்றிரண்டு மி.மீ. நகர்த்திப் பாருங்கள். பல தகடுகளில் அதற்கென்றே நீள்வட்டத் துளை விட்டிருப்பார்கள். அதற்கும் மசியாவிட்டால் கீலை மாற்றவோ, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் ஆப்பு வைத்துக் கதவின் மூலையை உயர்த்தவோ வேண்டும். அந்த வேலையை ஜன்னல் ஃபிட்டரிடம் விடுங்கள். மூன்றாம் மாடியில் வெளிப்பக்கம் தொங்கும் கண்ணாடிக் கதவோடு தனியாக மல்லுக்கட்ட வேண்டாம்.

இனி இரண்டாவது கைப்பிடி. அது சுற்றுவதற்குக் காரணம் அநேகமாக அதன் முதுகிலுள்ள சதுரக் கம்பி. கடைக்காரர்கள் ஸ்பிண்டில் என்பார்கள். ஐரோப்பிய முறை ஜன்னல்களில் இந்தக் கம்பி 7 மி.மீ. சதுரம், இரண்டு ஸ்குரூத் துளைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 43 மி.மீ. இந்த இரண்டு அளவும் பொதுவானவை என்பதால் கடையில் கண்ணை மூடிக்கொண்டு, 'எல்லாவற்றுக்கும் சேரும்' என்று கொடுத்துவிடுவார்கள். கம்பியின் நீளம் மட்டும் ஜன்னலுக்கு ஜன்னல் மாறும். உங்கள் சட்டத்துக்கு 35 மி.மீ. தேவைப்பட்டு, 25 மி.மீ. கம்பி போயிருந்தால், அது கியரின் சதுரத் துளையை நுனியால் மட்டும் கவ்வும். கொஞ்ச நாள் திரும்பும், பிறகு விளிம்புகள் மழுங்கி வெறுமனே சுற்றும். கம்பி நீண்டுபோனாலோ கைப்பிடி சட்டத்தோடு ஒட்டாமல் எழும்பி நிற்கும். அது பெரிய குற்றமில்லை. ஹாக்சா பிளேடால் அறுத்து, முனையை அரத்தால் தேய்த்துவிடலாம். குட்டையானதை நீட்ட வழியில்லை. சந்தேகம் வந்தால் நீளமானதையே வாங்குங்கள்.

அளவு எடுக்கப் பக்கத்து அறை ஜன்னலின் கைப்பிடி இருக்கிறதே, அதைக் கழற்றுங்கள். அடித்தட்டின் தட்டையான பரப்பிலிருந்து கம்பியின் நுனி வரை அளந்தால் அதுதான் நீளம். எல்லாக் கைப்பிடியும் போய்விட்ட வீடு என்றால், துளைக்குள் ஓர் ஈர்க்குச்சியை முட்டும் வரை விட்டு, சட்டத்தின் மட்டத்தில் நகத்தால் குறித்து எடுத்துக்கொள்ளலாம். கம்பி அந்த அளவைத் தாண்டக் கூடாது. கடைக்குப் போகும்போது கைப்பிடியையே பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது. பாரிமுனையில் கடை கடையாக ஏறி இறங்கினாலும், போனில் படம் காட்டி அளவு சேர்ந்ததாக எனக்கு நினைவில்லை.

கழுத்து ஒரு பக்கம் வளைந்த கைப்பிடி என்றால் இடது, வலது என்று தனித்தனி உண்டு. நேரானதற்கு அந்தத் தொல்லை இல்லை.

நம் ஊர் வீடுகளில் இன்னொன்று: உட்பக்கம் கிரில். கைப்பிடி சட்டத்திலிருந்து எவ்வளவு தூக்கலாக நிற்கிறது, அதைத் திருப்பும்போது விரல் முட்டி கிரில்லில் இடிக்குமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். படத்தில் அழகாகத் தெரியும் தடித்த கைப்பிடியை வாங்கி வந்து, கிரில் கம்பிக்கு நடுவே இரண்டு விரலால் திருப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாட்டும்போது கதவைச் சாத்தி வைத்து, கைப்பிடியைத் திறந்த நிலைக்குத் திருப்புங்கள். ஸ்குரூக்கள் சிறு பிளாஸ்டிக் மூடிகளின் கீழோ, அடித்தட்டை லேசாக இழுத்துத் திருப்பினால் அதன் பின்னாலோ ஒளிந்திருக்கும். கழற்றியதும், புதிய கைப்பிடியைத் திருகாமல் கம்பியை மட்டும் செருகித் திருப்பிப் பாருங்கள். இப்போதும் சுற்றினால் மழுங்கியது கியரின் துளை. கியரைத்தான் மாற்ற வேண்டும். அதன் முகத்தகட்டில் அச்சிட்டிருக்கும் பெயரையும் எண்ணையும் படமெடுத்து ஃபிட்டருக்கு அனுப்பினால் வேலை சுருங்கும். கியர் நன்றாக இருந்தால் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, கைப்பிடியைத் திருகுங்கள். சாதாரணத் திருப்புளி போதும். டிரில் மெஷினால் இறுக்கினால் அடித்தட்டு வளைந்து கைப்பிடி கனமாகிவிடும். ஸ்குரூ பழையதன் நீளமே இருக்கட்டும். நீளமானது உள்ளே கியரில் இடித்து அதையும் கெடுக்கும்.

திருவான்மியூர் என்பதால் ஸ்குரூவில் கஞ்சத்தனம் வேண்டாம். பெட்டியோடு வரும் முலாம் பூசிய ஸ்குரூ உப்புக்காற்றில் துருவேறி, மூன்றாம் வருடம் தலை தேய்ந்து கழற்ற முடியாமல் நிற்கும். 304 தர எவர்சில்வர் ஸ்குரூ கேளுங்கள். ஜன்னல் நேரே கடலைப் பார்த்தால் 316. கைப்பிடியிலும் பவுடர் கோட்டிங் கொப்புளித்து உரியும். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் உப்பைத் துடைத்தாலே பல வருடம் வரும். இரும்பு நார் மட்டும் போடாதீர்கள்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் சாவியோடு கூடிய கைப்பிடியாக வாங்கலாம். சாவியைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், ஆனால் அந்த அறையிலேயே ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். அவசரத்துக்கு ஜன்னலைத் திறக்க வேண்டி வந்தால் பீரோவில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

புதிய கைப்பிடி கைக்கு வரும்வரை, சுற்றும் கைப்பிடியை நம்பிப் 'பூட்டியாயிற்று' என்று இருந்துவிடாதீர்கள். அதைக் கழற்றி, பக்கத்து ஜன்னலின் கைப்பிடியைச் செருகித் திருப்பி, முளைகள் தகட்டுக்குள் போகின்றனவா என்று பாருங்கள். போனால் அப்படியே பூட்டிவிட்டு, கைப்பிடியை அதன் இடத்திலேயே திரும்பப் பொருத்திவிடலாம். கியர் மழுங்கி முளைகள் போகவில்லை என்றால், கதவைக் கிரில்லோடு நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டிவையுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது அரைகுறையாகப் பூட்டியிருந்த கதவுகளின் கதியைப் பல மாடிகளில் பார்த்தேன். ஐப்பசி பிறப்பதற்குள் வேலையை முடித்துவிடுங்கள்.