டர்போ காருக்கு ரீமேப்: எவ்வளவு வரை ஏற்றலாம்?

கேள்வி: 2020 மாடல் போலோ 1.0 டிஎஸ்ஐ, மேனுவல் கியர், செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இன்ஜினைப் பிரிக்காமல் ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் ப்ரோகிராமை மாற்றுவது) மட்டும் செய்து, 110 குதிரைத்திறனை 150-க்கும் டார்க்கை (சுழற்று விசை) 175-லிருந்து 250 நியூட்டன் மீட்டருக்கும் ஏற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பிச் செய்யலாமா சார்? (வாசகர், சேலம்)

பதில்: ரீமேப் செய்யலாம் தம்பி. ஆனால் அந்த 250 மட்டும் வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். டார்க்கை ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) பெருக்கி 7,022-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வரும். 2,000 ஆர்பிஎம்மில் 250 நியூட்டன் மீட்டர் வந்தாலும் கையில் கிடைப்பது 71 குதிரைதான். 5,000 ஆர்பிஎம்மில் 180 வந்தாலே 128 கிடைத்துவிடும். கம்பெனி ட்யூனில் அதே 5,000-ல் இருக்கும் டார்க் சுமார் 154 நியூட்டன் மீட்டர். பவரை மேல் ஆர்பிஎம்மில் ஏற்றினால் இன்ஜின் தாங்கும். கீழ் ஆர்பிஎம்மில் டார்க்கைக் கொட்டினால்தான் ஆபத்து. அங்கே பிஸ்டன் மெதுவாக நகர்வதால் அழுத்தம் அதிக நேரம் அதன் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். பிளக் பொறி விடும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வதும் பெரும்பாலும் இந்த ஆர்பிஎம்மில்தான்.

அப்படிப் போன பிஸ்டன் ஒன்றை என் மேஜையிலேயே வைத்திருக்கிறேன். வெளியே எங்கோ ரீமேப் செய்த ஒரு சின்ன டர்போ கார், ஒரு சிலிண்டர் அடிக்காமல் கோயம்புத்தூரில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பார்த்தால் இரண்டு சிலிண்டரில் 160 பிஎஸ்ஐ, மூன்றாவதில் 70. பிரித்தபோது, முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே இருக்கும் வரம்பு கட்டைவிரல் நக அளவுக்கு உடைந்திருந்தது. பிஸ்டனின் தலையில் ஒரு கீறல்கூட இல்லை. ஐந்தாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கும்போதே ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதிப்பது அந்தப் பையனின் பழக்கம். ட்யூன் செய்தவர் அவனுக்கு அதைச் சொல்லி அனுப்பவில்லை.

உங்கள் காரின் கியர்பாக்ஸ் பெயர் எம்க்யூ200. அந்த 200 என்பது அது தாங்கும் டார்க். அதனால் உச்ச டார்க் 200-ஐத் தாண்டக் கூடாது, அதுவும் 2,500 ஆர்பிஎம்முக்கு மேல்தான் வர வேண்டும் என்று கேளுங்கள். 125, 130 குதிரை வரும். அந்த எடைக்கு அதுவே நல்ல வேகம்.

பணம் கட்டும் முன் மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போல் கரும்புள்ளி இருந்தால் இன்ஜின் ஏற்கெனவே தட்டுகிறது, அதாவது உள்ளே கலவை தாறுமாறாக வெடிக்கிறது என்று அர்த்தம்; ரீமேப் பேச்சே வேண்டாம். ஆயில், கையேட்டில் உள்ள ஃபோக்ஸ்வேகன் எண்ணோடு ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரமும் உள்ளதாக இருக்கட்டும். அந்தத் தரத்தில் முன்கூட்டியே பற்றும் பிரச்சினைக்குத் தனிச் சோதனை உண்டு. அப்புறம் கிளட்ச்: ஐந்தாவது கியரில் 3,000-ல் முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் தாவி, வேகம் ஏறாவிட்டால் முதலில் அதை மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும் டைனோ (பவரை அளக்கும் மெஷின்) தாளோடு திருப்திப்பட்டு வந்துவிடாதீர்கள். மதிய வெயிலில் கார் ஓட, பக்கத்தில் ஒருவர் லேப்டாப்போடு உட்கார்ந்து இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) பின்வாங்குவதைப் பதிவு செய்ய வேண்டும். ஒரே சிலிண்டரில் தொடர்ந்து 4, 5 டிகிரி பின்வாங்கினால் மேப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். மறுத்தால் பழைய மேப்பையே ஏற்றி வாங்கிக்கொண்டு வாருங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மறைத்தால் க்ளெய்ம் நேரத்தில் சிக்கல்.

கேள்வி: ட்யூன் செய்யாத டர்போ காரில் 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் பவர் கூடுமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: பவர் பெரிதாக ஏறாது. ஆக்டேன் என்பது பெட்ரோல் தானாகப் பற்றாமல் தாங்கும் அளவு. 91 ஆக்டேனில் கோடை வெயிலில் இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) டைமிங்கைப் பின்னுக்கு இழுத்திருந்தால், 95 போடும்போது இழந்தது திரும்பி வரும். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் ஏறும்போதே வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் 100 போட்டாலும் கம்பெனி மேப்பில் எழுதியதைத் தாண்டி டைமிங் முன்னே போகாது. பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஸ்டிக்கர் இருக்கும். அதில் 95 என்றிருந்தால் 95 போடுங்கள், போதும்.