85,000 ரூபாய் சைக்கிளைத் தவணையில் வாங்கலாமா?

கேள்வி: கோவையில் வேலை பார்க்கிறேன். வயது 27. சம்பளம் 38,000 ரூபாய். செலவு போக மாதம் 12,000 மிஞ்சுகிறது. சேமிப்பு 45,000. ஊருக்கு வெளியே மண், சரளைப் பாதைகளில் ஓட்டவும், புதியவர்களுக்கான சைக்கிள் போட்டிகளில் கலந்துகொள்ளவும் ஆசை. கடையில் 85,000 ரூபாய் கிராவல் சைக்கிளை 12 மாத வட்டியில்லாத் தவணையில் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: சைக்கிள் வாங்குங்கள். ஆனால் இந்த விலையில் வேண்டாம், இந்த வழியிலும் வேண்டாம்.

வட்டியில்லாத் தவணையிலும் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்தத் தொகையைத் தள்ளுபடியாகக் காட்டி ஈடுகட்டுகிறார்கள், அவ்வளவுதான். வட்டி 6,500 ரூபாய் என்றால் அதன் மீதான 18% ஜி.எஸ்.டி., அதாவது 1,170 ரூபாய், உங்கள் தலையில்தான் விழும். செயலாக்கக் கட்டணம் தனி. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தவணை கிரெடிட் கார்டில் என்றால், மாதம் 7,083 ரூபாய் கட்டும்போது ஒரு மாதம் சறுக்கினாலும் கார்டு வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தை நெருங்கிவிடும். பயம் அங்கேதான்.

அதே 7,000 ரூபாயை ஐந்து மாதம் ஆர்.டி.யில் போடுங்கள். 35,000 சேரும். சேமிப்பிலிருந்து 15,000 எடுங்கள். மீதி 30,000 அவசரத்துக்கு, அதைத் தொடக் கூடாது. ஆக, கையில் 50,000. இதில் 8,000 ரூபாயை ஹெல்மெட், விளக்கு, பம்ப், உபரி டியூப் ஆகியவற்றுக்கு ஒதுக்கிவிட வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

42,000 ரூபாய்க்கு என்ன பார்ப்பது? ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 35 மி.மீ. டயர் கொள்ளாத ஃபிரேம், சரளையில் உங்கள் கையையும் இடுப்பையும்தான் பதம் பார்க்கும். டிஸ்க் பிரேக், அலுமினிய ஃபிரேம், ஷிமானோ நிறுவனத்தின் தொடக்கநிலை கியர்களான கிளாரிஸ் அல்லது சோரா போதும். இரண்டு ஜோடி டயர் வைத்துக்கொண்டால், சரளைக்கு அகலமானது, போட்டிக்கு 28 மி.மீ. என்று ஒரே சைக்கிள் இரண்டு வேலை பார்க்கும். முன்சக்கரத்தில் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க், மலிவானது என்றால் வெறும் பாரம். ஒரு கிலோ எடை குறைய 30,000 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது புதியவருக்கு வீண். உங்கள் உயரத்துக்குப் பொருந்தும் அளவுதான் முக்கியம்.

இந்த விலைக்குப் புதிதில் தேர்வு குறைவு. பழையதையும் பாருங்கள்: ஊரடங்கு நாட்களில் ஆசையாக வாங்கி ஓரம்கட்டிய சைக்கிள்கள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. அசல் பில் இல்லாமல் வாங்காதீர்கள். வெல்டிங் இணைப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பழைய கார்பன் ஃபிரேம் பக்கமே போக வேண்டாம். உள்விரிசல் வெளியே தெரியாது.

போட்டிக்குப் பணம் கட்டுமுன் பிரிவைப் பாருங்கள். பல இடங்களில் ரோடு (தார்ச்சாலை சைக்கிள்), ஹைப்ரிட் (இரண்டும் கலந்தது), எம்.டி.பி. (மலைப்பாதை சைக்கிள்) என்று தனித்தனியாக நடத்துகிறார்கள். கிராவல் சைக்கிளில் இருப்பதுபோல் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார் இருந்தால் பெரும்பாலும் ரோடு பிரிவில்தான் சேர்ப்பார்கள்.

புதியது என்றே முடிவானால் பில்லில் வரியைக் கவனியுங்கள். சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலை நீட்டினால், குறைத்துக் கேளுங்கள்.