ஒப்பந்தப் பணியில் மகள்: நிரந்தரமாகும் என்று காத்திருக்கலாமா?

அம்மா, உங்கள் மகள் அரசு அலுவலகத்தில் ஒன்பது வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறார். பத்து முடிந்தால் நிரந்தரமாகிவிடும் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்வதால் டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதுவதையும் நிறுத்திவிட்டார் என்கிறீர்கள். தேர்வை நிறுத்தியதுதான் எனக்குக் கவலை.

பத்து வருடம் முடிந்தாலே நிரந்தரம் என்று சட்டம் கிடையாது. உமாதேவி வழக்கில் 2006 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பிலிருந்து வந்த பேச்சு அது. தற்காலிகமாகச் சேர்ந்தவர் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்றுதான் அந்தத் தீர்ப்பு சொன்னது. அனுமதிக்கப்பட்ட காலிப்பணியிடத்தில், உரிய தகுதியோடு, நீதிமன்ற ஆணையின் துணையில்லாமல் பத்து வருடம் வேலை பார்த்தவர்களை மட்டும் ஒருமுறை வரன்முறைப்படுத்த, அதாவது நிரந்தரமாக்கச் சொன்னது. தமிழக அரசின் 28.2.2006 தேதியிட்ட அரசாணை எண் 22-உம் 1.1.2006 அன்று பத்து வருடம் முடித்திருந்த தினக்கூலிப் பணியாளர்களுக்கானது. உங்கள் மகள் அதற்கெல்லாம் பிறகு சேர்ந்தவர்.

வழி முழுவதும் அடைபட்டுவிடவில்லை. மத்திய நீர் ஆணையத்தில் நீண்ட காலம் துப்புரவு, தோட்ட வேலை பார்த்தவர்களைத் திடீரென நிறுத்திய ஜக்கோ வழக்கில், 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களை நிரந்தரமாக்க உத்தரவிட்டது. அன்றாடம் தேவைப்படும் வேலையை ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டு, உமாதேவி தீர்ப்பைக் காட்டி வெளியேற்றக் கூடாது என்று கண்டித்தது. இந்த வாதம் உங்கள் மகளுக்குப் பொருந்துமா என்பது அவரை வேலைக்கு எடுத்த விதத்தைப் பொறுத்தது.

நியமன ஆணையை எடுத்துப் பாருங்கள். துறை அதிகாரி கையெழுத்திட்டு, விளம்பரமோ வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோ வழியாக, நேர்காணல் வைத்து, இனச்சுழற்சி (இட ஒதுக்கீட்டு வரிசை) பார்த்து எடுத்திருந்தால் வழக்குக்கு வலு உண்டு. அவுட்சோர்சிங் ஏஜென்சி தந்த கடிதம் என்றால் துறை, "இவர் எங்கள் பணியாளரே இல்லை" என்று சொல்லும். அந்த ஒப்பந்தம் வெறும் போர்வை, வேலை வாங்கியது துறைதான் என்று முதலில் நிரூபிக்க வேண்டும், அது கடினம். பிஎஃப் பாஸ்புக்கில் நிறுவனத்தின் பெயர் என்ன இருக்கிறது என்று இன்றே பாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: துறையில் நேரடியாகத் தொகுப்பூதியத்தில் (மாதம் ஒரே மொத்தத் தொகை) இருந்தவரை நடுவில் ஏஜென்சிக்கு மாற்றுவார்கள், படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பழைய ஆணையின் நகல் கையில் இல்லையென்றால் முந்தைய வருடங்களை நிரூபிப்பது பெரும்பாடு.

24 மாதத்தில் 480 நாள் என்ற பேச்சும் காதில் விழும். 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் அது. தொழிற்சாலை, போக்குவரத்து போன்ற தொழில் நிறுவனங்களின் தொழிலாளர்களுக்கானது. தாலுகா அலுவலகக் கணினி இயக்குபவருக்கு அது உதவாது.

நிரந்தரம் கிடைக்காவிட்டாலும் சம்பளத்தைக் கேட்கலாம். ஜக்ஜித் சிங் வழக்கில் (2016 அக்டோபர் 26) நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கு அந்தப் பதவியின் அடிப்படை ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இதிலும் ஏஜென்சி வழியே வந்தவருக்குச் சிக்கல்தான்.

இந்த மாதமே ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு போடச் சொல்லுங்கள். 10 ரூபாய் கட்டணம். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "என்னை ஏன் நிரந்தரமாக்கவில்லை" என்று கேட்டால் பதில் வராது, ஆவணமாகக் கேளுங்கள். அந்தப் பதவியில் அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, காலி எத்தனை, அவரைத் தேர்வு செய்த கோப்பின் நகல், சேர்ந்த நாள் முதல் வருகைப் பதிவேட்டின் நகல். வருடா வருடம் ஓரிரு நாள் இடைவெளி விட்டு மறு ஆணை கொடுத்திருந்தால், அந்த ஆணைகள் எல்லாமே வேண்டும். இடைவெளி செயற்கையானது என்று காட்ட வங்கிக் கணக்கில் மாதாமாதம் ஏறிய சம்பளம் உதவும்.

இந்தக் காகிதங்களோடு பணி விவகாரங்களைப் பார்க்கும் வழக்கறிஞரிடம் போங்கள். முதலில் துறைக்கு எழுத்துமூலக் கோரிக்கை, பிறகு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது துறைக்கு உத்தரவிடக் கேட்கும் மனு. வேலையை விட்டு நிறுத்தினால் தாமதிக்கவே வேண்டாம். ஆண்டுகள் கழித்துப் போனால் காலதாமதமே மனுவைத் தள்ளுபடி செய்யக் காரணமாகிவிடும்.

வழக்கு முடிய எத்தனை வருடமாகும் என்று யாரும் உறுதி தர முடியாது. அதற்குள் டிஎன்பிஎஸ்சி வயது வரம்பு தாண்டிவிடலாம். உங்கள் பிரிவுக்கு எத்தனை வயது வரை என்று அறிவிப்பில் பார்த்து, அடுத்த தேர்வுக்கு அவரை விண்ணப்பிக்க வையுங்கள். தேர்வு எழுதுவதால் வழக்கு பலவீனமாகிவிடாது.