அலுமினிய ஹெட்டில் இறுகிப்போன, ஒடிந்துபோன எக்சாஸ்ட் ஸ்டட்டை எப்படி எடுப்பது?

பினாங்கின் பட்டர்வொர்த்தில் பழைய புரோட்டான் சாகா காரின் இன்ஜினைப் பிரித்திருக்கிறீர்கள். எக்சாஸ்ட் மேனிஃபோல்ட் என்னும் புகைக்குழாயை ஹெட்டோடு (இன்ஜினின் மேல்பாகம்) பிடிக்கும் ஸ்டட்களில், அதாவது இருபுறமும் மரை வெட்டிய தலையில்லாக் கம்பிகளில், இரண்டு அசையவில்லை, ஒன்று ஹெட் மட்டத்துக்கு ஒடிந்துவிட்டது. ஈசி-அவுட் (ஒடிந்த ஸ்டட்டில் துளையிட்டு, உள்ளே நுழைத்துத் திருகி எடுக்கும் கருவி) போடலாமா என்று கேட்கிறீர்கள்.

தயவுசெய்து போடாதீர்கள். 8 மி.மீ. ஸ்டட்டையே ஒடித்த பிடிப்பு அது. அதன் நடுவில் துளை போட்டு நுழைக்கிற ஒல்லிக் கம்பி எப்படித் தாங்கும்? கம்பி உள்ளே முறிந்தால், அது கடினப்படுத்திய எஃகு என்பதால் சாதாரண டிரில் பிட் வழுக்கும். மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷின் உள்ள கடைக்கு ஹெட்டைத் தூக்கிப்போக வேண்டியதுதான்.

ஒடியாத இரண்டையும் முதலில் பாருங்கள். எஃகு ஸ்டட், அலுமினிய ஹெட், பினாங்கு உப்புக்காற்று. இந்தச் சேர்க்கையில் மரையை அடைப்பது செந்துரு மட்டுமல்ல, அலுமினியம் அரித்து வரும் வெள்ளைப் பொடியும்தான். அதற்குள் எண்ணெய் லேசில் இறங்காது; சூடுதான் வழி. அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே ஸ்டட்டை விட்டுவிட்டு, சுற்றியுள்ள ஹெட்டை கேஸ் டார்ச்சால் சூடாக்குங்கள். தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று துள்ளும் சூடு போதும். மெழுகுவத்தியை ஸ்டட் அடியில் வைத்தால் உருகி மரைக்குள் இழுபடும். இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, ஹெட் பக்கமுள்ள உள்நட்டில் ஸ்பேனர் போட்டு அரைக்கால் சுற்று இடது, பிறகு வலது, மறுபடி இடது. கிரீச்சென்று கத்தினால் நிறுத்தித் திரும்ப வலதுக்கு வாருங்கள். ஒரே மூச்சில் கழற்றப் பார்த்தால் இதுவும் ஒடியும்.

ஒடிந்ததற்கு மிக் வெல்டிங் (கம்பி ஊட்டிப் பற்றவைக்கும் மின்வெல்டிங்). ஸ்டட் மேல் வாஷர் வைத்து நடுத்துளையில் பற்றவையுங்கள், பிறகு வாஷர் மேல் நட்டு. எஃகு வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது, பயம் வேண்டாம். முதல் நட்டு பிய்த்துக்கொண்டு வருவது சகஜம்; இரண்டாவதோ மூன்றாவதோ பிடிக்கும், ஒவ்வொரு சூட்டுக்கும் பிடி இன்னும் தளரும். முன்னதாகச் சுத்தம் செய்ய பிரேக் கிளீனர் அடிக்கவே கூடாது: குளோரின் கலந்த வகை சூடுபட்டால் பாஸ்ஜீன் என்னும் விஷவாயு வரும்.

ஹெட்டையே படிகார நீரில் ஊறவைக்கச் சொல்பவர்களும் உண்டு. சூடான படிகாரக் கரைசல் இரும்பைத் தின்று அலுமினியத்தை விட்டுவைக்கும் என்பது உண்மைதான். வெறும் அலுமினியமான டைமிங் கவர் (இன்ஜினின் முன்மூடி) போன்றவற்றுக்கு நல்ல வழி. ஆனால் ஹெட்டில் வால்வு உட்காரும் சீட்டும் அதை வழிநடத்தும் கைடும் இரும்பில் இருக்கின்றன, அவற்றையும் அரித்துவிடும்.

எதுவும் பலிக்காவிட்டால் மையத்தில் பஞ்ச் அடித்துத் துளையிட்டு, 8.3 மி.மீ. வரை பெரிதாக்கி, 8 x 1.25 (8 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. மரை இடைவெளி) ஹெலிகாயில், அதாவது புது மரையாகும் சுருள்கம்பி, போடுங்கள். புது ஸ்டட்டைச் செம்பு கிரீஸ் தடவிக் கையிறுக்கமாக ஏற்றினால் போதும். இறுக்கம் நட்டில்தான் வர வேண்டும்.