ஒரு ஹிட்கூட இல்லாமல் ஜெயித்த ஆட்டம்

தம்பி, பிட்ஸ்பர்க் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, ஆபீஸில் பேஸ்பால் பார்க்கக் கூப்பிடுகிறார்கள், "நம் ஊர் அணி பைரேட்ஸ் ஒரு ஹிட்கூட இல்லாமல் ஜெயித்திருக்கிறது" என்கிறார்களே, அதெப்படி என்று கேட்டிருந்தீர்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கும் இது லேசில் பிடிபடவில்லை. மட்டையில் பந்து பட்டாலே ஹிட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை: பந்தை அடித்துவிட்டு, ஃபீல்டரின் தவறால் அல்லாமல் பேட்டர் பத்திரமாக பேஸுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் ஹிட். மூன்று பேஸையும் தாண்டி, கிளம்பிய இடமான ஹோமுக்குத் திரும்பினால் ஒரு ரன். மூன்று பேர் அவுட்டானால் ஒரு அணியின் முறை முடியும்; இரு அணிகளும் ஒருமுறை பேட் செய்தால் ஒரு இன்னிங்ஸ், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்.

அது 2022 மே 15, ஞாயிற்றுக்கிழமை. எதிரணி சின்சினாட்டி ரெட்ஸ். அவர்களுடைய இளம் பிட்சர் (பந்து வீசுபவர்) ஹன்டர் கிரீன் ஏழு இன்னிங்ஸ் முழுக்க ஒரு ஹிட் கொடுக்கவில்லை. எட்டாவதில் ஒருவர் அவுட்டான பிறகு, வரிசையாக இரண்டு பேருக்கு வாக் கொடுத்தார். பிட்சர் நான்கு பந்தை, பேட்டர் அடிக்கத் தோதான எல்லைக்கு வெளியே போட்டு, அவரும் மட்டையை வீசாமல் விட்டால் அவர் சும்மாவே முதல் பேஸுக்குப் போகலாம், அதுதான் வாக். நம் வைடு மாதிரி, ஆனால் பொதுவாக ரன் கிடையாது. அதற்குள் கிரீன் 118 பந்து வீசிவிட்டார். அவருக்குப் பதிலாக வந்த ஆர்ட் வாரனும் ஒரு வாக் கொடுக்க, மூன்று பேஸும் நிறைந்தன. அடுத்து கீபிரையன் ஹேய்ஸ் பந்தைத் தரையோடு தட்டினார். இரண்டாவது பேஸுக்கு ஓடியவர் அவுட். ஆனால் அங்கிருந்து முதல் பேஸுக்குப் பந்து போவதற்குள் ஹேய்ஸ் ஓடிச் சேர்ந்துவிட்டார். மூன்றாவது பேஸில் நின்றவர் ஹோமுக்கு வந்தார். 1-0. இன்னொருவரை அவுட்டாக்கிய நேரத்தில் ஹேய்ஸ் தப்பியதால், அது ஹிட் கணக்கில் வராது.

மேஜர் லீக் ஆட்டங்களில் 1901க்குப் பிறகு இப்படி ஆறே முறைதான் நடந்திருக்கிறது. 1964இல் ஹூஸ்டனின் கென் ஜான்சன் தனியாளாக ஒன்பது இன்னிங்ஸும் வீசி, ஒரு ஹிட்டும் தராமல், இதே ரெட்ஸிடம் 1-0 என்று தோற்றார். அவர் எறிந்த பந்து முதல் பேஸைத் தாண்டிப் போனது, அப்புறம் ஒரு ஃபீல்டரும் பந்தைத் தவறவிட்டார். 1990இல் யாங்கீஸின் ஆண்டி ஹாகின்ஸுக்கு இன்னும் கொடுமை: ஒரு ஹிட்டும் தராமல், ஃபீல்டர்கள் பந்தை விட்டதில் 4-0 என்று தோற்றார்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான். உள்ளூர் அணி எப்போதும் இரண்டாவதாகத்தான் பேட் செய்யும்; முன்னிலையில் இருந்தால் ஒன்பதாவதில் பேட் செய்யாது. அதனால் வெளியூரில் ஆடிய ஹாகின்ஸ் வீசியது எட்டு இன்னிங்ஸ்தான், கிரீனும் வாரனும் சேர்ந்து வீசியதும் அவ்வளவே. 1991இல் வந்த விதிப்படி ஒன்பது முழுக்க ஹிட் தராமல் வீசினால்தான் 'நோ-ஹிட்டர்' என்று பதிவாகும். ஹாகின்ஸின் பெயரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

சரி, ஆட்டத்துக்குக் கண்டிப்பாகப் போங்கள். டவுன்டவுனிலிருந்து கிளெமென்டே பாலத்தில் நடந்தே போய்விடலாம். ஸ்கோர்போர்டில் ஆர், எச், இ என்று மூன்று கட்டங்கள் இருக்கும்: ரன், ஹிட், எர்ரர். ஐந்தாவது இன்னிங்ஸுக்கு மேலும் எச் கட்டத்தில் பூஜ்யம் இருந்தால், எழுந்து போகாமல் உட்கார்ந்திருங்கள்.