டெலிபோன் வயரில் நெட் ஓடுமா?

கேள்வி: வீடு கட்டும்போதே சுவருக்குள் பைப் போட்டு டெலிபோன் வயர் இழுத்தோம், உள்ளே நாலு கம்பி. இப்போது லேண்ட்லைன் இல்லை, ஃபைபர் வந்துவிட்டது. மோடம் கீழே, பையன் படிப்பது மாடியில். அந்த வயரிலேயே நெட் கொடுக்கலாமா? டெலிபோன் பிளக் மோடத்தின் லேன் ஓட்டையில் சரியாக உள்ளே போகிறதே?
- வாசகி, கும்பகோணம்

போகும், ஆனால் சொருகாதீர்கள். டெலிபோனுக்கான ஆர்ஜே11 பிளக்கில் இருப்பது ஆறு இடம், அதிலும் இரண்டிலோ நாலிலோதான் உலோகக் காண்டாக்ட் இருக்கும். லேனுக்கான ஆர்ஜே45-ல் எட்டு. சின்னது பெரியதன் நடுவில் போய் உட்காரும்போது அதன் பிளாஸ்டிக் ஓரம் லேன் ஓட்டையின் இரு ஓரத்தில் இருக்கும் 1, 8 ஆகிய இரண்டு பின்களையும் அழுத்தும், அவை வளைந்துவிட்டால் அந்த போர்ட் அப்புறம் ஒழுங்காக வேலை செய்யாது.

வயரைப் பொறுத்தவரை, முதலில் சுவரில் இருக்கும் டெலிபோன் பெட்டியைக் கழற்றி, கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும், பின் எண்படி 1-2 ஒரு ஜோடி, 3-6 இன்னொரு ஜோடி. முறுக்கியிருந்து தூரமும் குறைவென்றால் ஓட வாய்ப்பு உண்டு, முறுக்காத வயர் என்றால் நம்பாதீர்கள். ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் வேண்டுமென்றால் நாலு ஜோடியும் தேவை, அது உங்கள் வயரில் இல்லை. இன்னொன்று, டெலிபோன் வயரை ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கிளை பிரித்துக்கொண்டே போவார்கள், லேனில் அது கூடாது, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராகப் போக வேண்டும்.

பைப்தான் இருக்கிறதே! பழைய வயரின் நுனியில் புது கேட் 6 லேன் கேபிளைக் கட்டி இழுத்துவிடுங்கள். வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள், அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதும் கடையில் விற்கிறது.

கேள்வி: புது கேபிளில் பிளக் அடித்தோம், டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிகிறது, நெட் மட்டும் விட்டுவிட்டு வருகிறது. ஏன்?
- வாசகர், ஓசூர்

ஜோடி ஜோடியாக வரிசையில் அடுக்கி, அதாவது ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன் என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்த டெஸ்டர் கம்பி அறுந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்றுதான் பார்க்கும், எந்தக் கம்பி எதோடு முறுக்கியது என்று அதற்குத் தெரியாது. 3-ம் 6-ம் ஒரே முறுக்கில் வராவிட்டால் ஒரு ஜோடியின் சிக்னல் பக்கத்து ஜோடிக்குள் கலந்துவிடும்.

லேன் பிளக்கில் கம்பிகளை அடுக்கும் டி568பி முறையில், 1 முதல் 8 வரை வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன் என்று வர வேண்டும். பச்சை ஜோடி நீலத்துக்கு இரு பக்கமும் பிரிந்து நிற்கக் காரணம் டெலிபோன்தான், அதில் முதல் லைன் நடு இரண்டு கம்பியில், இரண்டாவது லைன் அதைச் சுற்றி வெளியே. அந்த 4-5, 3-6 ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டார்கள். டெலிபோன் கணக்கில் அடுத்தடுத்த ஜோடிகள் 2-7, 1-8 என்று விலகிக்கொண்டே போகும், அது அதிவேகத்துக்கு ஆகாது என்பதால் லேனில் மட்டும் 1-2, 7-8 என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

இரண்டு முனையையும் வெட்டிவிட்டுப் புதிதாக அடியுங்கள், பிளக்குக்குள் நுழையும் இடம்வரை முறுக்கை முடிந்தவரை பிரிக்காமல்.