பேப்பரை வெட்டி ஒட்டினால் ஓவியமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: கியூபிசம் என்று சொல்கிற படங்கள் உடைந்த கண்ணாடியில் முகம் பார்ப்பது போல இருக்கின்றன. நன்றாக இருக்கிற பொருளை எதற்காக உடைக்க வேண்டும்? (ஒரு வாசகர், தெம்பனிஸ்)

பதில்: ஓர் எவர்சில்வர் தம்ளரை மேசைமேல் வையுங்கள். நின்றபடி பார்த்தால் அதன் வாய் வட்டம். குனிந்து கண்ணை விளிம்புக்கு நேராகக் கொண்டுவந்தால் அந்த வட்டம் வெறும் கோடாகிவிடும். இரண்டும் அதே தம்ளர்தான். ஆனால் ஐரோப்பிய ஓவியர்கள் ஏறக்குறைய 500 ஆண்டுகளாக ஒரே இடத்தில் நின்று, அங்கிருந்து கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே வரைய வேண்டும் என்ற முறையைக் கடைப்பிடித்து வந்தார்கள். அதை முதலில் அசைத்தவர் செசான் என்ற பிரெஞ்சு ஓவியர். அவர் வரைந்த பழத்தட்டு மேசைகளைக் கவனித்துப் பாருங்கள், துணிக்கு இந்தப் பக்கம் ஓர் உயரத்தில் இருக்கிற மேசை விளிம்பு அந்தப் பக்கம் வேறு உயரத்தில் இருக்கும். அவர் 1906இல் இறந்தார், மறு ஆண்டு பாரிசில் அவர் படங்களைத் திரட்டிப் பெரிய கண்காட்சி வைத்தார்கள், இளைஞர்கள் பலருக்கு அது ஒரு கதவைத் திறந்துவிட்டது. அவர்களில் ஒருவரான ஜார்ஜ் பிராக் என்ற ஓவியர் 1908இல் செசான் வரைந்த அதே லெஸ்தாக் ஊருக்குப் போய் வீடுகளை வரைந்துகொண்டு வந்தார். கதவு, ஜன்னல் எதுவும் இல்லாமல் பெட்டி பெட்டியாக இருந்த அந்த வீடுகளைப் பார்த்து லூயி வோசெல் என்ற விமர்சகர் "கனசதுரங்கள்" (கியூப்) என்று எழுதப்போய், அதிலிருந்தே கியூபிசம் என்ற பெயர் வந்தது.

பிக்காசோவும் பிராக்கும் செய்தது, தம்ளரைச் சுற்றிவந்து பார்த்த அத்தனையையும் ஒரே தாளில் வைத்தது. நமக்கு இது அவ்வளவு புதிதும் இல்லை. வீட்டுக் காலண்டரில் ஆறுமுகன் படத்தைப் பாருங்கள். ஆறு முகமும் ஆறு திசை பார்க்க வேண்டியவை, ஆனால் வரிசையாக நம்மைப் பார்த்துத்தான் இருக்கின்றன, ஒருநாளும் நாம் அதை விசித்திரம் என்று நினைத்ததில்லை. காலண்டர் படம் கியூபிசம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் படத்துக்குப் பழகிய கண்ணுக்கு இந்தப் படமும் பழகிவிடும் என்கிறேன்.

கேள்வி: பிக்காசோவுக்கு ஒழுங்காக வரைய வராது, அதனால்தான் இப்படி வரைந்தார் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். (ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: தவறு. பார்சிலோனாவில் இருக்கும் பிக்காசோ அரும்பொருளகத்தில் நோயாளிப் பெண், நாடி பார்க்கும் மருத்துவர், குழந்தையை ஏந்திய கன்னியாஸ்திரி என்று ஒரு பெரிய படம் இருக்கிறது. 1897இல் அதை வரைந்தபோது அவருக்கு வயது 15. மருத்துவராக உட்கார்ந்து கொடுத்தவர் ஓவிய ஆசிரியரான அவருடைய அப்பாதான். நண்பருக்கு அந்தப் படத்தைத் தேடிக் காட்டுங்கள்.

கேள்வி: மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள், ஓவியமும் ஒரு பாடம். பழைய தமிழ் முரசு, அரிசிப் பை, துணிக்கடைக் காகிதப் பை எல்லாவற்றையும் வெட்டி அட்டையில் ஒட்டி, மேலே கரியால் நாலு கோடு இழுத்து, இதுதான் என் பாடவேலை என்கிறாள். அழகாக வரையத் தெரிந்த பிள்ளை. ஒட்டுவது எப்படி ஓவியமாகும்? (ஒரு தாயார், ஈசூன்)

பதில்: அம்மா, உங்கள் கவலை புரிகிறது. மதிப்பெண்ணை ஆசிரியர் பார்த்துக்கொள்வார், நான் கதையைச் சொல்கிறேன்.

1911 வாக்கில் பிக்காசோ, பிராக் இருவர் படங்களும் மிகவும் நுணுகிப்போய்விட்டன. பழுப்பும் சாம்பலுமாகச் சில்லுச் சில்லாக இருக்கும், கிதார் எங்கே, ஆள் எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், எது யார் வரைந்தது என்பதே பலருக்குப் புரியாது. இப்படியே போனால் உலகத்தோடு தொடர்பே அற்றுவிடும் என்ற இடத்தில், முதலில் அச்செழுத்துகளைப் படத்துக்குள் கொண்டுவந்தார் பிராக். அவருடைய அப்பாவும் தாத்தாவும் வீடுகளுக்குச் சாயம் பூசும் தொழில் செய்தவர்கள். ஈரச் சாயத்தில் சீப்பை இழுத்து மரக்கட்டையின் ரேகை போல வரவழைக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது, அதை பிக்காசோவுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

1912 மே மாதம் பிக்காசோ ஒரு சின்னப் படம் செய்தார். 29க்கு 37 சென்டிமீட்டர்தான், உங்கள் மகளின் ஏ3 தாளைவிடச் சிறியது, முட்டை வடிவம். அதில் பாதி இடத்தில் பிரம்புப் பின்னல் நாற்காலி தெரியும். அது வரைந்த பிரம்பும் இல்லை, உண்மைப் பிரம்பும் இல்லை, பிரம்புப் பின்னலை அச்சடித்த மெழுகுத்துணி. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரிப்போமே, அந்த ஜாதித் துணியை வெட்டி ஒட்டிவிட்டார். ஓரத்தில் சட்டத்துக்குப் பதில் நிஜக் கயிறு. மேலே செய்தித்தாள் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகள் மட்டும். இதில் எது உண்மை, எது போலி? வரைந்தது வரைந்ததாகவே இருக்க, உண்மையாகத் தெரிகிற பிரம்புதான் கடையில் வாங்கிய போலி. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் மனம் நின்றுவிடும்.

அதே ஆண்டு செப்டம்பரில் பிராக், அவிஞ்ஞோன் நகரத்தில் ஒரு கடையில் மரக்கட்டை போல அச்சடித்த சுவர்க்காகிதத்தைப் பார்த்தார். பிக்காசோ பாரிசுக்குக் கிளம்பும்வரை பொறுத்திருந்து, பிறகு போய் வாங்கி, வெட்டி, கரிக்கோடுகளால் வரைந்த பழத்தட்டுக்கும் கண்ணாடிக் குவளைக்கும் நடுவே ஒட்டினார். எனக்கு இதுதான் பெரிய காரியமாகப் படுகிறது. சீப்பு இழுத்து அதே ரேகையை வரவழைக்கத் தெரிந்த கை, வேண்டுமென்றே அதை விட்டுவிட்டு, கடைக் காகிதத்தை எடுத்தது. உங்கள் மகளும் வரையத் தெரிந்த பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

ஒட்டிய காகிதம் இரண்டு வேலை செய்யும். அது மேசையாகவும் இருக்கும், காகிதமாகவும் இருக்கும். அந்த ஆண்டு இறுதியில் பிக்காசோ ஒட்டிய செய்தித்தாள் துண்டுகள் சிலவற்றில் பால்கன் போர்ச் செய்திகளை இன்றைக்கும் படிக்கலாம், குவளைக்கும் போத்தலுக்கும் பக்கத்திலேயே போர் நடந்துகொண்டிருக்கிறது. அப்புறம் பெர்லினில் ஹன்னா ஹோக் பத்திரிகைப் புகைப்படங்களைக் கத்தரித்து அரசியல்வாதிகளின் தலையை மாற்றி ஒட்டினார், ஹனோவரில் கூர்ட் ஷ்விட்டர்ஸ் கிழிந்த டிக்கெட்டுகளைக்கூட விடவில்லை.

இன்று இரவு சாப்பிட்ட பிறகு மகளிடம் கேளுங்கள்: முரசில் எந்தப் பக்கத்தை வெட்டினாய், ஏன் அந்தப் பக்கம், அரிசிப் பையின் எழுத்தை ஏன் தலைகீழாக வைத்தாய்? பதில் அவளிடம் இருந்தால் வேலை நடந்திருக்கிறது. இல்லையென்றால், அந்தக் கேள்வியோடு அவள் திரும்பப் போய் உட்காரட்டும், நீங்கள் திட்ட வேண்டாம்.

கேள்வி: இதெல்லாம் பாரிஸ் கதை. சிங்கப்பூரில் யாராவது செய்திருக்கிறார்களா? (ஒரு வாசகர், அங் மோ கியோ)

பதில்: பணப்பையில் 50 வெள்ளி நோட்டு இருந்தால் எடுங்கள். பின்பக்கம் கருவாடு காயவைக்கும் காட்சி சியோங் சூ பியெங் வரைந்தது, கொடிகளுக்கு நடுவே இருக்கும் இரண்டு வாலில்லாக் குரங்குகள் சென் வென் ஷி வரைந்தவை. அதே பக்கத்தில் நம் வீணையும் இருக்கிறது. சீனாவிலிருந்து இங்கே வந்த இந்த இருவரும் 1952இல் இன்னும் இரண்டு ஓவியர்களோடு பாலித் தீவுக்குப் போய்வந்தார்கள், நன்யாங் பாணி (தென்கிழக்காசியக் காட்சிகளைச் சீன, மேற்கத்திய முறைகளைக் கலந்து வரைவது) என்று பேசும்போது தவறாமல் வரும் பயணம் அது. சென் வென் ஷியின் நாரைப் படங்களைத் தேடிப் பாருங்கள், பறவைகள் முக்கோணமும் சாய்சதுரமுமாகப் பிரிந்து நிற்கும், கியூபிசம் சீன மையோடு பேசுகிற இடம். ஒட்டுச்சித்திரம் என்றால் கோ பெங் குவான். நியூயார்க்கில் படித்துத் திரும்பியவர், காகிதங்களை அடுக்கி ஒட்டிச் சாயம் ஏற்றுவார். 1982இல் யூஓபி வங்கி ஓவியப் போட்டி தொடங்கியபோது முதல் பரிசு அவருக்குத்தான். நன்யாங் ஓவியர்களை நேரில் பார்க்க சிட்டி ஹால் ரயில் நிலையத்தில் இறங்கி தேசிய கலைக்கூடத்துக்கு நடந்து போங்கள். ஒரே நாளில் எல்லாக் கூடத்தையும் முடிக்க வேண்டாம், நாலு படம் போதும்.

கேள்வி: நான் ஒட்டிய படம் ஆறு மாதத்தில் மஞ்சளாகி, உப்பி எழுந்துவிட்டது. (ஒரு மாணவி, ஜூரோங் வெஸ்ட்)

பதில்: செய்தித்தாள் மரக்கூழிலிருந்து மலிவாகச் செய்வது, வெளிச்சம் பட்டால் பழுக்கும். பிக்காசோ ஒட்டிய துண்டுகளும் இன்று பழுப்புதான். நிறம் நிலைக்க வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தை அமிலமில்லாத தாளில் நகலெடுத்து அதை ஒட்டு. அரிசிக் கஞ்சிப் பசை வேண்டாம், நம் ஊர் ஈரக்காற்றில் ராமபாணப் பூச்சியும் கரப்பானும் தேடி வரும். வெள்ளைக் கோந்தைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அட்டையிலும் காகிதத்தின் பின்புறத்திலும் மெல்லிசாகத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளு. மேலே பேக்கிங் பேப்பர் விரித்து, கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடு.